சக்கரம் கழற்றாத வீடு

சித்லாலியின் வீடு முதன்முதலாக ஓடியது அவள் கல்லூரிக்கு விண்ணப்பித்த வசந்தத்தில்தான். தபால்காரர் கதவைத் தட்டினார். வீடு அவரை அப்படியே நிற்கவிட்டு உருண்டுபோய்ப் பாதாம் தோப்பு ஓரமாக நின்றது. அடுப்பிலிருந்த பீன்ஸ் கொஞ்சம் சிந்தியதைத் தவிர வேறு சேதம் இல்லை. மதேரா ஊருக்கு வெளியே இருந்த அந்தக் குடியிருப்பில் எல்லாமே சக்கரம் வைத்த தகர வீடுகள். குடியுரிமைக் காகிதம் உள்ளவர்கள் வந்த வாரமே சக்கரத்தைக் கழற்றி, கல் அடுக்கி, வாசலில் ரோஜா நட்டுவிடுவார்கள். காகிதம் இல்லாதவர்கள் கழற்றுவதில்லை. கைக்குழந்தையான சித்லாலியைத் தோளில் போட்டுக்கொண்டு மெக்ஸிகோ எல்லையைத் தாண்டி வந்த அவள் அப்பா ரொகேலியோ, ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்த கையோடு சக்கரங்களுக்கு கிரீஸ் போட்டுக் காற்று சரிபார்ப்பார். கதவு தட்டினால் குடியேற்ற அதிகாரிகளாக இருக்கும், மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்தார். அத்தனை வருஷமும் வீடும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. குடியிருப்பின் மேலாளர், வீடு முன்பு நின்ற இடத்துக்கும் இப்போது நிற்கும் இடத்துக்கும் சேர்த்து வாடகை கேட்டார். அது மட்டும்தான் எல்லோருக்கும் அநியாயமாகப் பட்டது.

தபால்காரர் கொண்டுவந்தது கல்லூரியின் பதிவுத் தபால். அந்த முகவரியில் ஒருவர் கையெழுத்திட்டு வாங்கினால் சித்லாலி உள்ளூர்ப் பெண். வாங்காவிட்டால் வெளியாள், கட்டணம் மூன்று மடங்கு. காகிதம் இல்லாதவளுக்கு எந்த வங்கியும் கடன் தராது. அவளுடைய ஞானத்தாய் ஒப்துலியா, தான் கட்டிவந்த சீட்டில் தன் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். அது உள்ளூர்க் கட்டணத்துக்குத்தான் காணும். இல்லையென்றால் அம்மாவோடு பாதாம் ஆலையில் நின்று பருப்புப் பொறுக்க வேண்டியதுதான். அந்த நாட்களில் சித்லாலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறை, தட்டாமல் வாருங்கள் என்று தபால்காரரிடம் சொல்லிவைத்தார்கள். வீடு அவருடைய தொப்பியைப் பார்த்ததுமே கிளம்பி, கால்வாய்ச் சாலையைத் தாண்டி, பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. சித்லாலி வாயில் பல்துலக்கும் நுரையோடு அதன் பின்னாலேயே ஓடினாள்.

“என்ன கொம்பாத்ரே, உங்கள விட உங்க வீட்டுக்குப் பயம் ஜாஸ்தியா இருக்கே!” என்றாள் ஒப்துலியா ரொகேலியோவிடம். ஞானத்தாயும் பிள்ளையின் அப்பாவும் கொம்பாத்ரே, கொமாத்ரே என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள்.

“சிரிங்க கொமாத்ரே, சிரிங்க. ஓடத் தெரிஞ்சதாலதான் நாங்க இன்னும் இங்க இருக்கோம்.”

தபால் இன்னும் ஒரே முறைதான் வரும். குப்பைத்தொட்டி தேடி வரும் ரக்கூன் மாதிரி சந்து சந்தாகப் புகுந்து வீட்டைப் பழைய இடத்துக்கே இழுத்துவந்த அன்று மாலை, சித்லாலி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அப்பா முன்னால் நின்றாள்.

“அப்பா, சக்கரத்தக் கழட்டிருங்க.”

“அவங்க வந்தா என்ன செய்யறது?”

“இதுவரைக்கும் அவங்க யாரும் வரலப்பா. வந்தது எனக்கு லெட்டர். அதுக்குப் பயந்துதான் ஓடிட்டிருக்கோம்.”

விடிந்ததும் ரொகேலியோ ஜாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கடைசிச் சக்கரத்தைக் கழற்றியதும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தபால்காரர் வந்து தட்டினார். வீடு வெடவெடவென்று நடுங்கியது, கோப்பைகள் உருண்டன, ஆனால் ஓரடி நகரவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, தட்டிய கதவை ரொகேலியோ திறந்தார்; கையெழுத்தும் அவரே போட்டார். சக்கரங்கள் ஞாயிற்றுச் சந்தையில் விலைபோயின, அந்தப் பணத்தில் பாடப்புத்தகங்கள் வந்தன.

வீட்டுக்குள் இருந்த ஓட்டம் எங்காவது போயாக வேண்டுமே. கல்லூரியில் யாராவது கதவைத் தட்டினால் சித்லாலியின் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக வாசலை நோக்கி நகர்ந்தது. ஆசிரியர்கள் அவளைத் தூரத்துச் சுவரோரம் உட்காரவைத்தார்கள். வகுப்பு முடியும்போது வாசலுக்கு வந்திருப்பாள். ஒவ்வொரு பருவத்துக்கும் சீட்டும் திருவிழாவில் தமாலே கொழுக்கட்டை விற்பனையுமாகப் பணம் கட்டி நான்கு வருஷம் இப்படியே ஓடியது. பட்டமளிப்பு நாளில் முதல் வரிசையில் உட்காரவைத்தும், பெயர் கூப்பிடுவதற்குள் நாற்காலி அவளோடு மைதானத்து வெளிவாசல்வரை வந்துவிட்டது. அங்கேதான் ரொகேலியோ நின்றிருந்தார். கூட்டம் என்றால் அவர் எப்போதும் வாசலருகேதான் நிற்பார். நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தார்.

“போ மிஹா, போம்மா, உன்னத்தான் கூப்பிடறாங்க.”

அவள் போய்ப் பட்டத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்வரை அவர் பிடியை விடவில்லை.