கச்சேரி முடியட்டும்

காமு முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். தொண்டை வரைக்கும் வந்துவிட்ட ஒப்பாரி அங்கேயே நின்றது. ஏகநாதன் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தான்.

கட்டிலில் அவன் அப்பா ஜெயவேலு கிடந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து படுக்கைதான். நாள்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த மூச்சு இப்போதுதான் நின்றது. லோடு இறக்கிவிட்டு உட்கார்ந்தவன் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

"அழுவாத காமு. நீ கொரல் உட்டா தெருவே உள்ள வந்துடும். எவனாவது பாப்பாவுக்கு போன் போட்டுடுவான்."

பாப்பா என்றால் ஓவியா, அவர்கள் மகள். இன்று சாயங்காலம் தாம்பரத்தில் ஒரு கல்லூரி அரங்கில் அவளுக்குக் கச்சேரி. வசந்தகாலக் கச்சேரி, செக் நாட்டு இசை என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். நான்கு பிள்ளைகள் சேர்ந்து வாசிப்பது. அவள் வாசிப்பது செல்லோ, தரையில் நிறுத்தி வில்லால் வாசிக்கிற பெரிய வயலின். ஒருத்தி எழுந்து வந்துவிட்டால் மற்ற மூவரும் பெட்டியை மூடவேண்டியதுதான். விரல் காய்த்துப்போகிற அளவுக்கு வாசித்திருக்கிறாள். தாத்தா போய்விட்டார் என்று கேட்டால் வில்லைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள்.

அவர்கள் தெருவில் பெண்கள் குரலெடுத்த பிறகுதான் சாவு. அதுவரைக்கும் யாரும் செத்ததாகக் கணக்கில்லை.

கதவை யாரோ தட்டினார்கள்.

"டேய் ஏகா! வெளக்கு வெக்கிற நேரத்துல எவனாவது கதவ சாத்துவானா?"

கங்கையம்மாள். அப்பாவின் தங்கை. தினமும் அண்ணனைப் பார்க்க வருகிறவள். எந்தச் சாவு வீட்டிலும் முதல் குரல் அவளுடையதுதான். ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். ஏகநாதன் தாழை நீக்கிக் கதவைத் திறந்தான்.

அவள் நேராகப் போய் அண்ணனின் பாதத்தைத் தொட்டாள். கை அப்படியே நின்றது. திரும்பி, காமுவின் வாயிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"எப்போ?"

"இப்பத்தான் அத்தே. பாப்பா கச்சேரி முடியட்டும். உன் கால்ல உழறேன்..."

"கால உடுடா, ஏற்கெனவே மூட்டு வலி." கண்ணோரத்தை அழுத்தித் துடைத்தாள். "மொதல்ல அவன் கால நீட்டிக் கட்டைவெரல ரெண்டயும் சேத்துக் கட்டு. வெறச்சிகினா நீட்ட முடியாது. காமு, வூட்ல சோறு கீதா?"

"கீது அத்தே. கருவாட்டுக் கொழம்பு."

"போடு. அழுதுட்டா அப்பறம் அவன எடுக்குற வரிக்கும் அடுப்பு பத்த வெக்க முடியாது. வெறும் வயித்துல என்னால அழ முடியாது."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இத்தனை நாளில் சேர்ந்து சாப்பிட்டதே இல்லை. யாராவது ஒருவர் பாதியில் கட்டிலுக்கு ஓடவேண்டியிருக்கும். இன்று யாரும் எழுந்திருக்கவில்லை. ஏகநாதன் இரண்டாம் தடவை சோறு வாங்கினான். வெட்கமாக இருந்தது. பசித்தது.

போன் அடித்தது. ஓவியாவின் சிநேகிதி ஜென்சி, அரங்கிலிருந்து வீடியோ காலில். ஏகநாதன் தன் பக்கத்துக் கேமராவை அணைத்துவிட்டு, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தான்.

ஓவியா செல்லோவை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். முதலில் மெதுவாகப் போனது.

"இன்னாடி இது, அழுவுற மாரியே கீது?" என்றாள் கங்கையம்மாள்.

"இரு அத்தே. அடுத்தது ஆடுற மாரி வரும். பாப்பா சொல்லிச்சு" என்றாள் காமு.

வந்தது. நான்கு வில்லும் சேர்ந்து துள்ளின. ஏகநாதன் எந்த விரலைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லா விரலையும் பார்த்தான்.

"எங்கண்ணன் பேச்சோட இருந்தா, இன்னாத்துக்கு நாலு பேரு மரம் அறுக்குறானுங்கன்னு கேட்டிருப்பான்."

காமுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவசரமாகத் தண்ணீர் குடித்தாள்.

கைத்தட்டல் கேட்டது. பிள்ளைகள் எழுந்து குனிந்தார்கள். நிமிர்ந்தபோது ஓவியா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சு அத்தே."

ஏகநாதன் போனை அணைத்தான். எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்து வைத்தான். கங்கையம்மாள் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, கட்டில் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்தாள்.