மஞ்சள், ஐந்து

பாட்டிலில் பெயர் எழுதக் கூடாது என்பது முதல் விதி. மாட்டிக்கொண்டால் எல்லோரும் ஊருக்குப் போக வேண்டியதில்லை, பெயர் உள்ளவன் மட்டும் போனால் போதும்.

ஓமானில், சலாலா கேம்ப்பில் பீர் தயாரித்தவர் நவரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டோர் கிளார்க். போதையில்லாத மால்ட் பானத்தைப் பெட்டியாக வாங்கி, சர்க்கரையும் ரொட்டி ஈஸ்ட்டும் சேர்த்து நீல டிரம்மில் பத்து நாள் வைப்பார். பிறகு பாட்டிலில் அடைப்பார். மூடியை அழுத்த வெல்டர் சோலையப்பன் ஒரு கருவி செய்து கொடுத்திருந்தான். எது எப்போது அடைத்தது, யாருடையது என்று அடையாளம் போடுவது என் வேலை.

நான் ரோடு கம்பெனியின் லேப் டெக்னீஷியன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கான்கிரீட் கட்டிகளுக்கு எண் போட்டு, தொட்டித் தண்ணீரில் இருபத்தெட்டு நாள் ஊறப் போட்டு, பிறகு உடைத்துப் பார்ப்பது என் டூட்டி. பாட்டில்களும் அதே தொட்டியின் மூலையில், ஒரு பலகைக்குப் பின்னால் கிடந்தன. தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். சிமெண்டிலிருந்து இறங்கிய சுண்ணாம்பு கையை உரிக்கும் என்பதால் வெளியாள் யாரும் உள்ளே கையை விட மாட்டான்.

முதலில் காகிதம் ஒட்டினேன். இரண்டு நாளில் மிதந்தது. பிளாஸ்திரி சுற்றினேன். மை கரைந்தது. கழுத்தில் கலர் நூல் கட்டினேன். எல்லா நூலும் வெளுத்துப் போயிற்று. கடைசியில் மூடிமேல் சர்வே முளைகளுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஒரு பொட்டு, அடியில் மெழுகுச் சாக்கால் ஓர் எண். அது நின்றது. நிறம் காலத்துக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு நிறமாக நான்கு நிறம், பிறகு மறுபடி முதலிலிருந்து. எந்தப் பாட்டிலும் ஒரு வருடம் தங்காது என்று நினைத்தேன். எண் கட்டிலுக்கு. எங்கள் ரூமில் எட்டுக் கட்டில்.

ஊரில் யாருடைய மனைவியாவது மாசமாக இருந்தால் நவரத்தினம் அவனுக்கு ஒரு பாட்டில் தனியாக ஒதுக்குவார். தந்தி வந்த பிறகுதான் திறக்க வேண்டும். பிள்ளை பாட்டில் என்று பெயர்.

எண்பத்தைந்து ஜூலையில் எனக்கு ஒன்று ஒதுக்கினார். மஞ்சள், ஐந்து. ஆகஸ்டில் தந்தி வந்தது. என் மனைவி சீதாலட்சுமி இல்லை. குழந்தையும் இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இருபது நாளில் திரும்பிவிட்டேன். லேப்புக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் படுத்துக்கொள்ளக் கேட்டேன். கொடுத்தார்கள். அந்தப் பாட்டிலைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

என் கட்டில் பன்னீர்செல்வத்துக்குப் போயிற்று. அறந்தாங்கிப் பக்கம். லேப்பில் எனக்கு உதவியாள். கட்டிகளைத் தூக்குவான், நிறையப் பேசுவான். அடுத்த ஜூலையில் அவனுக்குப் பிள்ளை பாட்டில் ஒதுக்கினார்கள். நான்தான் அடையாளம் போட்டேன். மஞ்சள் பொட்டு வைத்தேன். கட்டில் எண் ஐந்து என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆகஸ்டில் அவனுக்குத் தந்தி வந்தது. ஆண் குழந்தை, தாய் வடிவு சுகம். வெள்ளிக்கிழமை மதியம், மழைக்காலத் தூறல். ரூமில் ஒரே சத்தம். சோலையப்பன் லேப் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"சார், வாங்க சார். நவரத்தினம் அண்ணனுக்கு இந்தத் தடவ கை வந்துருச்சு. என்னா சரக்குங்கிறீங்க! ஒரு வாய் குடிச்சிட்டுப் போய் உங்க கல்ல உடைங்க."

"வேலை இருக்கு."

"வெள்ளிக்கிழமையில என்ன சார் வேல?"

நான் போகவில்லை.

ஐந்தாம் நாள் இரண்டாவது தந்தி வந்தது. குழந்தைக்கு மூச்சுத் திணறல், புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறது. லீவு கேட்டான். பாஸ்போர்ட் விசா கொடுத்த கஃபீலிடம், கஃபீல் மஸ்கட்டில். சனிக்கிழமை பார்க்கலாம் என்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்று அவனைத் தொட்டியைக் கழுவச் சொன்னேன். தொட்டியில் என்ன கிடக்கிறது என்று யோசிக்கவில்லை.

அரைமணியில் ஈரக் கையோடு உள்ளே வந்தான். கையில் ஒரு பாட்டில்.

"சார், இதுலயும் மஞ்சள். இதுலயும் அஞ்சு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எங்க பாட்டில அன்னைக்கே குடிச்சிட்டமே. இது யாருது?" கேட்கும்போதே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. முகம் மாறியது. "அஞ்சாம் நம்பர் முன்னாடி உங்களுதுதானே சார். எது எங்களுது? நான் எதக் குடிச்சேன்?"

"பன்னீர், உட்காரு."

"அந்த அக்காவுக்கு வச்சிருந்தத எடுத்துக் குடிச்சிட்டு எம் புள்ளைய அங்க படுக்க வச்சிருக்கேனா? சொல்லுங்க சார். நீங்கதான எழுதுனீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது."

பாட்டிலை மேசைமேல் வைக்கவும் பயந்தான், கையில் வைத்திருக்கவும் பயந்தான். நான் வாங்கிக்கொண்டேன். கட்டைவிரலால் தேய்த்தேன். மேலே படிந்திருந்த சுண்ணாம்பு மாவுபோல வந்துவிட்டது. ஒரு மாதத்துச் சுண்ணாம்பு.

"வெள்ளிக்கிழமை காலி பண்ணது எங்கே?"

காலிப் பாட்டில்கள் இருந்த கிரேட்டிலிருந்து எடுத்து வந்தான். நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. ஓடுபோல ஒட்டியிருந்தது. ஒரு வருடச் சுண்ணாம்பு.

அவன் என் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தியா?" என்றேன். "புதுச் சுண்ணாம்புதான் இப்படிக் கெட்டியாப் பிடிக்கும். நாளானா இளகி, தொட்டாலே உதிரும். நீ குடிச்சது புதுசு. உன்னோடது. இதுதான் என்னோடது."

"நெசமாவா சார்?"

"நான் இதுக்குத்தானே படிச்சேன்."

படிப்பு அதற்கு நேர்மாறாகச் சொல்லும். அவன் நம்ப விரும்பினான், ஆனால் பாதிதான் முடிந்தது. கண் பாட்டிலிலிருந்து நகரவில்லை. அது அங்கே இருக்கும்வரை கேள்வியும் இருக்கும் என்று தெரிந்தது. மேசை விளிம்பில் வைத்து மூடியைத் தட்டித் திறந்தேன்.

"சார், வேணாம் சார்."

"என்னோடதுதானே. நான் குடிக்கிறேன்."

குடித்தேன். நல்ல பீர். சரியான நுரை, மூக்கில் ஏறும் காற்று.

"எப்படி சார் இருக்கு?"

"புளிச்சுப் போச்சு."

அப்போது நவரத்தினம் வந்தார். லீவு பற்றிச் சொல்ல வந்திருப்பார். மேசைமேல் இரண்டு பாட்டிலையும் பார்த்தார். அடியில் இருந்த எண்களைப் பார்த்தார். பன்னீரின் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, சார் அவரு பாட்டில் இதுங்கிறாரு. வருசம் ஆனதாம். நீங்க சொல்லுங்கண்ணே. உங்க கைச் சரக்கு உங்களுக்குத் தெரியும்ல?"

நவரத்தினம் என்னிடம் கையை நீட்டினார். கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு வாய் குடித்து நாக்கில் வைத்திருந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முகத்தைச் சுளித்தார்.

"சீ, காடி. இதை எப்படித் தம்பி குடிக்கிறீர்?" பிறகு பன்னீரிடம், "பழசுதான் மோனை. இது ஒரு வருசச் சாமான். நீ குடிச்சது உன்ரை. ஆபீசிலை மனேஜர் நிக்கிறார். போய் முன்னாலை நில், இண்டைக்கே மஸ்கட்டுக்குப் போன் போட வைக்கலாம். யல்லா, ஓடு."

பன்னீர் முகத்தைத் துடைத்தான். என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு ஓடினான். செருப்பை விட்டுவிட்டுப் போனான்.

நாங்கள் இரண்டு பேரும் கட்டி உடைக்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தோம். வெளியே தூறல் நிற்கவில்லை. நவரத்தினம் இன்னொரு வாய் குடித்துவிட்டு என்னிடம் தந்தார்.

"நல்லா வந்திருக்கு," என்றார்.

"ஆமாம்."

"தம்பி, அண்டைக்குத் தொட்டிக்குள்ளை கையை விட்டு எடுத்தது நான்தான். மஞ்சள், அஞ்சு எண்டு பாத்தன். மற்றது கிடக்குதெண்ட நினைப்பே வரேல்லை."

"அடையாளம் போட்டது நான்."

அவர் காலிப் பாட்டிலைப் பார்த்தார். பிறகு, "உம்மட போத்தலை நாங்கள் எட்டுப் பேர் குடிச்சுப் போட்டம்," என்றார். "உமக்கு ஒரு சொட்டும் வைக்கேல்லை."

நான் அந்தக் காலிப் பாட்டிலை எடுத்தேன். அடியில் என் எழுத்து. அதை எழுதிய நாள் நினைவுக்கு வந்தது. அன்று காலையில்தான் அவளுடைய கடிதம் வந்திருந்தது. கால் வீங்கியிருக்கிறது, செருப்புப் போட முடியவில்லை என்று எழுதியிருந்தாள்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"எது?"

"அது. வெள்ளிக்கிழமை குடிச்சது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நேர்மையாக யோசித்தார். தன் சரக்கைப் பற்றிக் கேட்டால் அவர் எப்போதும் யோசித்துத்தான் சொல்வார்.

"திறக்கேக்கை சத்தமே வரேல்லை. நுரை கொஞ்சம்தான். நிறம் நல்லாக் கறுத்திருந்தது, தேத்தண்ணி மாதிரி. முதல் வாய் கசப்பு. பிறகு..." கையைத் தொண்டையில் வைத்துக் காட்டினார். "பிறகு இதிலை ஒரு இனிப்பு நிண்டது. கனநேரம் நிண்டது. நான் காய்ச்சினதிலை அதைப்போலை ஒண்டு வரேல்லைத் தம்பி."

"சரி," என்றேன்.

மற்றக் கையிலிருந்த பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது. அவரிடம் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுத் திருப்பித் தந்தார். முடியும்வரை அப்படியே மாற்றி மாற்றிக் குடித்தோம்.