கேக் சாயாத கியர்

முதல் கேக் இரண்டாவது தெருவைக்கூடத் தாண்டவில்லை. தம்பியின் நண்பனிடம் இரவல் வாங்கிய பழைய கறுப்புக் காரின் பின்னிருக்கையில், வெண்ணெய்க் க்ரீம் பூசிய இரண்டடுக்குக் கேக்கை அகலமான தட்டோடு வைத்துவிட்டு, முன்னால் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் கேக் அக்கா. அந்த வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பந்தயம் விடுகிறவர்களுக்கென்று செய்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது. மேலடுக்கு வழுக்கிக்கொண்டு போய்க் கதவில் அப்பிக்கொண்டது.

"இது வேணாம்" என்றாள் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"இதுதான்க்கா இருக்கறதுலயே உறுதியான பாக்ஸ். எவ்வளவு மிதிச்சாலும் தாங்கும்."

"பாக்ஸ் தாங்கும். என் கேக் தாங்கல பாரு."

வயதில் மூத்தவர்கள்கூட அவளைக் கேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணக் கேக் செய்வது அவள் தொழில். செய்வதோடு விட மாட்டாள், தன் கையாலேயே மண்டபம்வரை கொண்டுபோய் இறக்கிவைத்தால்தான் அவளுக்கு உறக்கம் வரும். தொழில் ஓரளவு காலூன்றியதும் அவள் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் ஒரு நீலக் கார். வாங்கும்போதே அது பழைய கார்தான். பெட்டி போன்ற உடம்பு, வட்ட விளக்குகள், கட்டில் மாதிரி தட்டையான பின்னிருக்கை. இந்தக் காலத்துக் கார்களின் பின்னிருக்கை சரிவாக இருக்கிறது, தட்டு நிற்காது என்று கேட்பவர்களிடம் சொல்வாள். அது பாதிதான் உண்மை. மீதி, அந்தக் காரின் மேல் அவளுக்கு இருந்த கண்மூடித்தனமான ஆசை. அதை அவள் மறைத்ததும் இல்லை.

போன வருஷம் மாடிப்படியில் விழுந்து இடது முட்டி நொறுங்கிப்போனது. முட்டியையே மாற்றினார்கள். நடக்க வந்தது, படியேற வந்தது. அந்தக் காரின் க்ளட்சை மிதிக்க மட்டும் வரவில்லை. அது சாதாரண க்ளட்சா? நல்ல காலுக்கே நாக்குத் தள்ளும். கார் தம்பியின் ஒர்க்‌ஷாப் மூலையில் உறை போர்த்திக்கொண்டு நின்றது. கேக்குகள் வாடகை வேனில் போயின. ஒரு கல்யாணத்தில் கேக் சாய்ந்தே போய்ச் சேர்ந்தது. மணப்பெண் சிரித்த முகத்தோடு "பரவால்ல ஆன்ட்டி" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா அழுதாள். அந்தப் பெண் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

விற்றுவிடு என்றுதான் தம்பி முதலில் சொன்னான். பழைய கார்களைச் சேர்க்கும் பெரிய மனிதர் ஒருவரைக் கையோடு கூட்டியும் வந்தான். அவர் நீலக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"கியர்பாக்ஸை மட்டும் மாத்திடாதீங்கம்மா. மாத்திட்டா இது வேற வண்டி."

"எனக்கு முட்டியை மாத்தியிருக்காங்க சார். நான் என்ன வேற ஆளா?"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் எப்படி மறுபடி விற்கச் சொல்வான்? ஆட்டோமேட்டிக் மாட்டியே தீருவது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். இருந்தது ஒற்றைக் கால்தானே என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

எதை மாட்டுவது என்பதில்தான் இழுபறி. தம்பியின் ஆசை பந்தயப் பாக்ஸ்மேல். அது கதவில் அப்பிய கேக்கோடு முடிந்தது. இரண்டாவது, மூன்று கியர் உள்ள சாதாரணப் பாக்ஸ். எதையும் வெட்ட வேண்டாம், அப்படியே பொருந்தும். அது மாட்டிய வண்டியொன்றை இரவல் வாங்கி, இன்னொரு கேக்கை ஏற்றினார்கள். ஊருக்குள் பூப்போலப் போனது. தம்பி ஜெயித்துவிட்ட முகத்தோடு அக்காவைப் பார்த்தான். நெடுஞ்சாலைக்கு வந்ததும் நான்காவது கியர் இல்லாத எஞ்சின் தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தது. வண்டி முழுக்க ஒரு நடுக்கம். திரும்பி வந்து பார்த்தால் கேக் நிமிர்ந்துதான் இருந்தது. அதன்மேல் அவள் செய்து வைத்திருந்த சர்க்கரைப் பூக்களில் ஒன்றில்கூட முழு இதழ் இல்லை.

மூன்றாவது, நாலு கியர் பாக்ஸ். மெதுவாக மாறும், நெடுஞ்சாலையில் எஞ்சினை ஓய்வாக ஓடவிடும். ஆனால் அது நீளம், அகலமும் கூட. காரின் தரையில் நடுவே ஓடும் மேட்டை வெட்டி அகலப்படுத்த வேண்டும். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டையும் வெட்டிக் குறுக்க வேண்டும். தம்பி கையைப் பிசைந்தான். எத்தனையோ வண்டிகளை வெட்டியவன்தான், இந்த வண்டியை வெட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

"வெட்டினா ஒட்டிடலாம்க்கா. ஆனா வெட்டாத மாதிரி ஆகாது."

"வெட்டாம வச்சுப் பாக்கவாடா நான் கேக் செய்யறேன்? வெட்டு."

அவள் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். தகடு அறுபடும் சத்தம் பல்லைக் கூச வைத்தது. அறுத்தெடுத்த துண்டு தரையில் விழுந்தபோது அவளும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தம்பி ஏறிட்டுப் பார்த்தான். அவள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

இதற்கிடையில், மலைமேல் இருக்கும் ஓட்டலில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்கு நாலடுக்குக் கேக் கேட்டு வந்தார்கள். நானே என் வண்டியில் கொண்டு வருகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். கார் அப்போது நான்கு கட்டைகள்மேல் நின்றுகொண்டிருந்தது. அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எதையும் இரண்டு தடவை பார்க்கிற ஆள். எதற்கும் இருக்கட்டும் என்று சத்தமில்லாமல் வாடகை வேனுக்குச் சொல்லி வைத்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை கார் கட்டையிலிருந்து இறங்கியது. தம்பி முதல் சுற்றுக்கு எடுத்துப் போனான். தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதுமே அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்த தடையிலும் 'டங்'. வண்டியை நிறுத்திவிட்டு அடியில் புகுந்தான். வெளியே வரும்போது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"தண்டு நீளமாப் போச்சுக்கா. கியர்பாக்ஸ் உள்ள போய் இடிக்குது."

"அளந்துதானே வெட்டினே?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"கட்டை மேல வச்சே அளந்துட்டேன். சக்கரம் தொங்கிட்டு இருந்துச்சு. வண்டி தன் பாரத்துல தரையில நின்னாத்தான் சரியான அளவு வரும். இது எனக்குத் தெரியாதா? அவசரம்."

இருபது வருஷ மெக்கானிக். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், சிரிப்புத்தான் வந்தது. அடிக்கேக்கின் உயரத்தை மேலடுக்குகளை ஏற்றிய பிறகு அளக்க வேண்டும் என்று அவனுக்கு அவள் எத்தனையோ தடவை பாடம் எடுத்திருக்கிறாள்.

"மேல பாரம் ஏறாம கேக்கையே அளக்கக் கூடாது. நீ காரை அளந்திருக்கே. போ, லேத்துப் பட்டறை மூடறதுக்குள்ள போய்க் குறைச்சிட்டு வா."

கணவர் மெல்ல ஆரம்பித்தார். "நான் ஒரு வேனுக்குச் சொல்லி..."

"வேண்டாம்னு சொல்லிடுங்க."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாது. சொல்லிடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

சாயங்காலம் தண்டு திரும்பி வந்து பொருந்தியது. வேகத்தடைகள் வாயை மூடிக்கொண்டன. அடுத்த நாள் காலை, கேக்கை ஏற்றுவதற்கு முன்னால், வெறும் வண்டியில் அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். ஒரு வருஷம் கழித்து அந்த ஸ்டியரிங்கை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள். கியர் லீவரைத் தள்ளிவிட்டு வண்டியை நகர்த்தினாள். வேகம் எடுத்ததும், இத்தனை காலப் பழக்கம், இடது கால் தானாகவே எழும்பி இல்லாத க்ளட்சைத் தேடி அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. வண்டி சடாரென்று நின்றது. பக்கத்தில் இருந்த கணவரின் கண்ணாடி பறந்துபோய் முன்னால் விழுந்தது.

"கேக் இருந்திருந்தா?" என்றார் அவர், கண்ணாடியைத் துழாவிக்கொண்டே.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். இடது செருப்பைக் கழற்றி இருக்கைக்கடியில் தள்ளினாள். வெறும் பாதத்தை முட்டி வளையும் மட்டும் பின்னுக்கு இழுத்து, விரிப்பின்மேல் தட்டையாக ஊன்றினாள். செருப்பு இல்லையென்றால் அந்தக் காலுக்கு வேலை இல்லை என்று அதற்கே புரியட்டும். தெருவை நாலு தடவை சுற்றினாள். நாலாவது சுற்றில் கால் அடங்கிவிட்டது.

கணவர் முன்னால் உட்கார்ந்தார், பின்னிருக்கையில் கேக் ஏறியது. தம்பி அதன் பக்கத்தில், தட்டைச் சுற்றிக் கைகளை விரித்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மலைச்சாலை தொடங்கும் இடத்தில் செங்குத்தான ஏற்றம், அதன் நடுவில் ஒரு சிக்னல். க்ளட்ச் வண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அது சிம்மசொப்பனம். அவள் போய்ச் சேரவும் சிவப்பு விழவும் சரியாக இருந்தது. பின்னால் ஒரு லாரி மூக்கால் உரசுகிற நெருக்கத்தில் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"அக்கா" என்றான் தம்பி.

"பேசாம வா."

பச்சை விழுந்தது. பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தாள். வண்டி ஒரு இழைகூடப் பின்னால் போகவில்லை. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாள். நீலக் கார் ஏற்றத்தில் ஏறியது. ஒன்று இரண்டானது எஞ்சின் சத்தத்தில் மட்டும் தெரிந்தது. இரண்டு மூன்றானது அதுகூடத் தெரியவில்லை. முன்னால் தொங்கிய கண்ணாடியில் பார்த்தாள். தம்பியின் விரித்த கைகளுக்கு நடுவே சர்க்கரைப் பூக்கள் அசையாமல் இருந்தன. மலைமேல் சாலை சமமானதும் எஞ்சின் குரலைத் தாழ்த்திக்கொண்டு அமைதியானது.

"நாலு" என்றான் தம்பி. கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சந்தோஷம் அவள் நெஞ்சில் கொள்ளவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு, எதிரே வந்த பேருந்துக்குக் காரணமே இல்லாமல் கையை ஆட்டினாள். பேருந்து ஓட்டுநரும் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஓட்டல் வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். கேக்கை ஒருவர் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமுமாக இறக்கினார்கள். "பாத்து, பாத்து" என்றபடியே அக்கா இறங்கி ஓட்டமும் நடையுமாகக் கூடவே போனாள். கூடத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். கணவர் வாசலில் நின்று ஏதோ சொல்லிக் கூப்பிட்டார், அவள் காதில் விழவில்லை. அவர் கையில் அவளுடைய இடது செருப்பு இருந்தது. நாலடுக்குக் கேக்குக்குப் பின்னால், ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஒன்றும் இல்லாமல், பளபளத்த தரையில் அவள் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.