ஒரு கண்ணுக்கு ஓய்வு

"சிமிட்டுடி," என்றாள் அர்யெமோ. "சந்தையில காய்ஞ்சு கிடக்கிற மீன்கூட உன்னை மாதிரி முழிக்காது."

லம்வாகா சிமிட்டினாள். இமைக்குள் மணல் அரைபட்டது. மறுபடி திரையைப் பார்த்தாள்.

குலு நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் ஒரே வேலை, மற்றவர்களின் கண்களைப் பார்ப்பது. எங்கோ வண்டி ஓட்டுகிறவர்களின் முகம் திரையில் வரும். முழு முகம்கூட இல்லை, நெற்றியிலிருந்து மூக்கு வரை ஒரு கீற்று. விழிப்பு, தூக்கம், படம் தெளிவில்லை என்ற மூன்றில் ஒன்றை அழுத்தினால் அடுத்தது வந்து நிற்கும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் பார்ப்பார்கள். இருவரும் வேறு வேறாகச் சொன்னால் குழுத்தலைவர் கோமகெச் தீர்த்து வைப்பார். தப்பாகச் சொன்னவருக்கு மதிப்பெண் குறையும். குறைந்துகொண்டே போனால் நாற்காலி போகும்.

லம்வாகாவுக்குக் குறைந்துகொண்டேதான் போனது. மத்தியானத்துக்கு மேல் இமை எது, நிழல் எது என்று அவளுக்குத் தெரிவதில்லை.

"இன்னும் ஒரு தப்பு வந்தா அப்புறம் என் கையில இல்லம்மா," என்று கோமகெச் சொல்லிவிட்டிருந்தார்.

வீட்டில் வேலை என்று இருந்தது அவளுக்கு மட்டும்தான். பயந்திருக்க வேண்டும். பயமோ, நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி மரத்துப் போயிருந்தது.

மருந்தகத்து நர்ஸிடம் போய்ப் பார்த்தாள்.

"அப்பப்ப தூரமாப் பாருங்க. கண்ணு தானா இளகும்."

"தூரம் எங்க சிஸ்டர் இருக்கு? ஜன்னல்ல எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருக்காங்க. படத்தை வெளியாள் பாத்துடக் கூடாதாம்."

"அப்ப எழுந்து வெளிய போங்க."

"திரைக்கு மேல ஒரு காமிரா இருக்கு. முகம் திரும்பினா சிவப்பு எரியும். சிவப்பு எரிஞ்சா ஆள் இல்லைன்னு கணக்கு."

 நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

எல்லோருமாகச் சேர்ந்து கேட்டதில், வேலை கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் கண்ணுக்கு ஓய்வு அனுப்பித்தான் வைத்தார்கள். ஒரு மலை. அவ்வப்போது முகங்கள் நின்று, திரை முழுக்கப் பச்சை மலை வரும். அதன் மேல் 'தூரத்தைப் பாருங்கள்' என்று எழுதியிருக்கும். பார்க்க வேண்டியது திரையைத்தான். திரும்பினால் சிவப்பு.

"சார், இந்த மலையில ஏறி அந்தப் பக்கம் இறங்கினா வீடு வந்துருமா?" என்று கேட்டாள் அர்யெமோ.

"இறங்கிப் பாரேன். திரும்பி வர நாற்காலி இருக்காது," என்றார் கோமகெச். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

வழி கண்டுபிடித்தவளும் அர்யெமோதான். "ஒரு கண்ணை மூடிக்கோ. காமிராவுக்கு ஒரு கண்ணு போதும். கொஞ்ச நேரம் இது தூங்கட்டும், கொஞ்ச நேரம் அது தூங்கட்டும். ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி முறை வச்சுக்கோ."

சிரிப்பு வரிசை வரிசையாகப் போனது. ஒரு வாரத்தில் கூடம் முழுக்க ஒற்றைக் கண்ணால் வேலை பார்த்தது.

அப்புறம்தான் புதுப் படங்கள் வந்தன. "இவங்க ஓட்டுநர் இல்ல, கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றவங்க," என்று மட்டும் கோமகெச் சொன்னார். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது.

லம்வாகாவுக்கு வந்த ஒரு கீற்றில் புருவத்தின் நடுவே எண்ணெய் தெறித்த தழும்பு இருந்தது. அர்யெமோவின் தழும்பு. இடது கண் மூடியிருந்தது. திரைக்கு மேல் இருந்த காமிராவை லம்வாகா நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தால் சிவப்பு எரியும். விழிப்பு என்று அழுத்தினாள்.

"அர்யெமோ."

"ம்?"

"நம்ம படம்டி இது. நாமதான்."

"யாராயிருந்தாலும் விழிப்புன்னு போடு. நானும் அதைத்தான் போட்டுட்டிருக்கேன். பேசாம இரு."

ஒவ்வொரு கீற்றாக விழிப்பு என்று போட்டாள். நேரம் போகப் போகக் கண் கலங்கியது. நடுவில் ஒன்று, யாரோ ஒரு பெண், இரண்டு இமையும் ஒட்டியிருப்பது போலத் தெரிந்தது. கை பழக்கத்தில் தூக்கம் என்று அழுத்திவிட்டது.

மறுநாள் கோமகெச் தன் மேசைக்குக் கூப்பிட்டார். திரையில் ஒரு கீற்று.

"யாருன்னு தெரியுதா?"

"தெரியல சார்."

"நீதான்."

அவள் குனிந்து பார்த்தாள். தன் கண்ணை அப்படி யார் பார்த்திருக்கிறார்கள்?

"ஒருத்தர் விழிப்புன்னு போட்டிருக்காங்க. இன்னொருத்தர் தூக்கம்னு."

"தூக்கம்னு யார் சார் போட்டது?"

"அதுவும் நீதான்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"என்னை என்ன செய்யச் சொல்ற?" கோமகெச் குரலைத் தணித்தார். "தூக்கம்னு தீர்த்தா, வேலை நேரத்துல தூங்கினேன்னு உன்னை எடுத்துடுவாங்க. விழிப்புன்னு தீர்த்தா, நீ போட்டது தப்பு. அந்த ஒரு தப்புதான் பாக்கி. நீயே சொல்லு, முழிச்சிருந்தியா, தூங்கினியா?"

"எனக்கு மங்கலாத் தெரியுது சார். வெளிய போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"போ. சிவப்பு எரிஞ்சா எரியட்டும்."

வாசலில் வெயில் குத்தியது. சாலைக்கு அப்பால் ஒரு மரம், அதற்கப்பால் எள் காயவைத்த கூரைகள், அதற்கும் அப்பால் ஏதோ நீலமாக இருந்தது. கண் முதலில் எதிலும் நிற்கவில்லை. நின்றபோது தண்ணீர் வழிந்தது. அழுகையா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். இல்லை, வெறும் தண்ணீர். துடைத்தாள். நீலமாக இருந்தது ஊர்த் தண்ணீர்த் தொட்டி என்று தெரிந்தது. மரத்தடியில் ஆட்டின் காதுகூடத் தெரிந்தது.

திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். ஒரு கண் மூடியிருந்தது. இன்னொன்று அரையாகத் திறந்து, நேராக அவளையே பார்த்தது.

"பாதி சார்," என்றாள். "ஒண்ணு தூங்குது, ஒண்ணு முழிச்சிருக்கு."

"அதுக்குப் பொத்தான் இல்ல." கோமகெச் நெற்றியைத் தேய்த்தார். "படம் தெளிவில்லைன்னு போட்டுத் தூக்கிடறேன். யாருக்கும் குறையாது."

"தெளிவாத்தானே சார் இருக்கு?"

"வாயை மூடிட்டுப் போய் உக்காரு," என்று சொல்லிக்கொண்டே அவர் அழுத்தினார். கீற்று மறைந்தது.

அவள் உட்கார்ந்தாள்.

"என்னடி, இருக்கியா, போறியா?" என்றாள் அர்யெமோ.

"இருக்கேன்."

"அப்ப சிரியேன்."

"அப்புறமா சிரிக்கிறேன்."

முகங்கள் நின்று மலை வந்தது. அந்தப் பச்சைக்கு அப்பால் எதுவும் இல்லை. லம்வாகா முகத்தைத் திருப்பாமல், வலது கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.