ஹென்றி சாருக்குப் பதினோரு கேள்விகள்

கணக்கை நிரந்தரமாக நீக்குவதற்கு முன் அந்தப் பக்கம் கடைசியாக ஒன்று கேட்டது. பயனர் பெயரைத் தன் கையால் ஒருமுறை தட்டச்சு செய்ய வேண்டும். ஐவி, 'ஐவி' வரை வேகமாக அடித்துவிட்டாள். மீதிப் பாதியில் விரல் நின்றது. 'ஹென்றி' என்ற பெயரை அவள் எங்கும் எழுதி ஆறு வருடமாகிறது.

கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதியதைப் போட்டுவைக்கும் தளம் அது. கல்யாணமான புதிதில், இரண்டு பெயரையும் ஒன்றாகச் சேர்த்து அந்தக் கணக்கைத் தொடங்கியபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஹென்றிக்கு வங்கியில் வேலை. நிரலில் ஒரு வரிகூட எழுதத் தெரியாது. பிரிந்த பிறகு ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாகப் பெயரை மாற்றினாள். இது மட்டும் மறந்துபோயிற்று. பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக எட்டு வருடம் ஓட்டியபின், மறுபடி பழைய தொழிலுக்கே போகலாம் என்று போன வாரம் அடையாறில் ஓர் அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போனாள். எதிரில் இருந்தவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "நல்லா எழுதியிருக்குங்க. இதுல உங்க பங்கு எவ்ளோ, ஹென்றியோடது எவ்ளோ?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் பழைய வரிகள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் எழுதியவர் பெயர் அப்படியே நிற்கும். மொத்தமாக அழித்துவிடுவது என்று முடிவு செய்த பிறகுதான் இரவில் தூக்கம் வந்தது.

மீதிப் பெயரை அடிக்கப் போகும்போது, திரையின் மூலையில் சின்னதாகப் பதினொன்று என்ற எண் கண்ணில் பட்டது. யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள். அழிக்கப்போவதில் என்ன பார்க்க இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அதைத் தொட்டாள்.

பதினொன்றும் ஒரே நிரலைப் பற்றியவை. அபிராமபுரம் குடியிருப்புக்காக அவள் விளையாட்டாக எழுதியது அது. தண்ணீர் லாரி டிரைவர் கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் எல்லா வீட்டுக்கும் குறுஞ்செய்தி போகும். பதினொன்றையும் கேட்டிருந்தது ஒரே ஆள், 'ஃபிசா ஜெராக்ஸ், பாலவாக்கம்'. முதல் கேள்வி நான்கு வருடத்துக்கு முந்தியது.

"ஹென்றி சார், எங்க தெருவுல டேங்க் ரெண்டு கீது. ரெண்டுக்கும் தனித்தனியா மெசேஜ் போவுமா?"

ஒன்பது நாள் கழித்து அதற்குக் கீழேயே அதே ஆள் எழுதியிருந்தாள்: "சார், கண்டுபுட்சிட்டேன். பேர் லிஸ்ட்ட ரெண்டா பிரிச்சா போதும்."

அடுத்த கேள்வியும் அப்படித்தான். அதற்கடுத்ததும். கேட்டிருக்கிறாள், காத்திருந்திருக்கிறாள், பிறகு தானே கண்டுபிடித்து, மறக்காமல் 'சாரு'க்குச் சொல்லியிருக்கிறாள். ஒரு ரம்ஜானுக்கு வாழ்த்துகூட இருந்தது. ஆரம்பத்தில் ஒரு வரி எழுதவே தடுமாறியவள், ஏழாவது கேள்வியில் ஐவியே யோசித்திராத ஒரு தவறைச் சுட்டிக்காட்டியிருந்தாள். கடைசி இரண்டுக்கு மட்டும் இன்னும் விடை இல்லை. பதினோராவது கேள்வி இரண்டு வாரத்துக்கு முந்தியது. "இப்போ அறுபத்தி நாலு வீடு சார்" என்று அது தொடங்கியது.

ஐவி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். யார் இவள்? மெசேஜ் அனுப்பும் நடுப்பகுதி, மிஸ்டு கால் வரும் ஒவ்வொரு முறையும் ஐவியின் பக்கத்திலிருந்துதான் அந்தக் கடைக் கம்ப்யூட்டருக்கு இறங்கும். அந்தக் காலத்தில் அவளே அப்படித்தான் எழுதிவைத்திருந்தாள். கணக்கு போனால் அறுபத்தி நாலு வீட்டுக்கும் செய்தி நின்றுவிடும். 'இந்தக் கணக்கை அழிக்கப்போகிறேன். உங்களோடு பேச வேண்டும்' என்று மட்டும் எழுதினாள். ஐந்து நிமிடத்தில் கடை முகவரியும் போன் நம்பரும் வந்தன.

மதியம் அந்த நம்பருக்கு, வருவதாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அடையாறில் பஸ் ஏறி பாலவாக்கத்தில் இறங்கினாள். கடற்கரைக்குப் போகும் தெருவில், மீன் வெட்டும் இடத்துக்கு அடுத்தாற்போல் கடை இருந்தது. ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஃபிசா எட்டிப் பார்த்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முக்காட்டின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனா செருகியிருந்தது. அவள் பார்வை ஐவியைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று.

"ஹென்றி சார் வர்லியா?"

"ஹென்றி சார்னு யாரும் இல்லம்மா. எழுதினது நான்தான். என் பேரு ஐவி."

ஃபிசா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நான் அத்த இனிஷியல்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா. ஐ.வி. ஹென்றி!"

ஐவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் கடை வாசலிலேயே நின்று சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. ஃபிசா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

வந்த காரியத்தை ஐவி சொன்னாள். நிரலை ஃபிசாவின் கணக்குக்கு மாற்றிவிடலாம், கேள்விகளும் கூடவே போய்விடும், கடைக் கம்ப்யூட்டரில் ஒரு முகவரியை மட்டும் திருத்த வேண்டும், அப்புறம் தன் கணக்கை அழித்துவிடலாம். ஃபிசா தலையாட்டிக்கொண்டே கேட்டவள், கடைசியில், "அழிச்சா திரும்ப வராதா?" என்றாள்.

"வராது."

"வேலைக்குப் போறேன்றீங்க. நீங்கதான் எழுதினீங்கன்னு இன்னா சாட்சி கீது அப்புறம்?"

இதை ஐவி யோசிக்காமல் இல்லை. "அந்தப் பேர்ல இருக்கிற சாட்சி எனக்கு வேணாம் ஃபிசா."

"அப்ப வேலைக்குக் கேக்குற எடத்துல என் நம்பரக் குடு. பதினோரு கேள்விக்கும் பதில் சொன்னது யாருன்னு நான் சொல்றேன்."

"ஒன்பதுக்கு நீயேதான சொன்ன?"

"மீதி ரெண்டு கீதில்ல? இப்ப சொல்லு."

பத்தாவது சுலபமாக முடிந்தது. பதினோராவதுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. நடுவில் யாரோ ஆதார் நகல் எடுக்க வந்தார்கள். ஃபிசா எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடிவந்து மறுபடி உட்கார்ந்தாள். அவள் கேட்கும் ஒவ்வொன்றும், இது ஏன் இப்படி, மாற்றிப்போட்டால் என்ன ஆகும் என்றே இருந்தது. பள்ளியில் எட்டு வருடத்தில் ஒருவரும் ஐவியை இப்படிக் கேட்டதில்லை. விடையை ஃபிசாவின் கேள்விக்குக் கீழே அவள் தன் கணக்கிலிருந்தே எழுதினாள். அந்தக் கணக்கில் அவள் எழுதிய கடைசி வரிகள் அவைதான்.

மாற்றுவது பத்து நிமிட வேலை. முகவரியை ஃபிசாவே திருத்தினாள். பிறகு ஐவி தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, பெயரை இரண்டு பாதியும் சேர்த்து அடித்து, பொத்தானை அழுத்தினாள். போய்விட்டது.

ஃபிசா தன் திரையைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தாள். "அக்கா, இங்க பாரு. உன் பதில் கீது, உன் பேரக் காணோம். பேய்னு போட்டுக்கீது."

"அழிஞ்சு போன கணக்குக்கெல்லாம் அந்த ஒரே பேர்தான்."

"எல்லாருக்கும் சேத்து ஒரே பேயா?" ஃபிசா அந்தப் பெயருக்குப் பக்கத்திலிருந்த சாம்பல் நிற முகப் படத்தை விரலால் தொட்டாள். "புதுசா தொறப்பியா?"

"தெரியல."

லாரி ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். இருவரும் பேச்சை விட்டுவிட்டு மேஜை மேலிருந்த, டிரைவரின் மிஸ்டு கால் வரும் பழைய போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து ஆயிற்று. ஐந்து ஐந்து. ஃபிசா பேனாவை எடுத்து மறுபடி செருகினாள். முகவரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்குமோ என்று ஐவி திரையில் தேடிக்கொண்டிருந்தபோது போன் ஒரே ஒருமுறை அடித்து நின்றது. திரையில் ஒரு வரி ஓடியது. அப்புறம் ஒன்றுமில்லை.

ஐவியின் கைப்பைக்குள் சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தாள். தெரியாத எண். 'லாரி கிளம்பிடுச்சு. இருபது நிமிஷத்துல வந்துரும். குடத்தக் கழுவி வைங்க.' எப்போதோ அவள் எழுதிய வாசகம், ஓர் எழுத்துகூட மாறாமல்.

"உன் நம்பரயும் லிஸ்ட்ல போட்டேன்" என்றாள் ஃபிசா, தெருவைப் பார்த்தபடி.

எதிர்வீட்டு மாடியில் ஒரு போன் கீச்சிட்டது. அடுத்த வீட்டில் ஒன்று, மீன் வெட்டுகிறவளின் மடியில் ஒன்று. ஒரு கதவு திறந்தது. நைட்டி மேல் துண்டு போட்ட பெண்ணொருத்தி இரண்டு குடங்களோடு இறங்கி வந்து, நீலக் குடத்தை டேங்குக்கு அடியில் வைத்துவிட்டு, இன்னொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.