மணல் தொட்ட லோஞ்சு

...'டச் அண்ட் கோ' என்றுதான் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை, சொல்லிவிட்டு டொக்டர் அடுத்த வாட்டுக்குப் போய்விட்டார், ஜவாஹிருக்கு அது புதுச் சொல்லல்ல, வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போக முந்தி இழுவைக் கப்பலில் வேலை செய்தபோது கேட்டது, அது கடலில் பிறந்த சொல், ஆஸ்பத்திரிக்கு எப்போது ஏறி வந்தது? கப்பலின் அடி மணலைத் தொடும், அது டச், தொட்டாலும் நில்லாமல் போய்விடும், அது கோ, அவ்வளவுதான் என்று இழுவைக் கப்பலின் கப்டன் சிரித்துச் சிரித்து விளக்கியவர், பிறகு அதைக் கரைக்காரரும் எடுத்துக்கொண்டார்கள், மயிரிழையில் பரீட்சை பாஸ் பண்ணியவனுக்கும் அதுதான், ஓடிப்போய் ரயில் பிடித்தவனுக்கும் அதுதான், இப்போது சுபைதாவுக்கும்... வயிற்றுக்குள் குடல் வெடித்து, கத்தி வைத்து, இன்னும் கண் திறக்காத தன் மனைவிக்கும். சுபைதாவின் தங்கை றம்ஸியா வந்து டொக்டர் என்ன சொன்னவர் என்று கேட்டாள், அவனும் மடையன் மாதிரி மணல், கப்பல், கப்டன் என்று தொடங்கினான்.

"கப்பல்ர கதை எனக்கு வேணாம் மச்சான். ராத்தா பிழைப்பாவா?"

பயமாக இருந்தது, வாட்டு வாசற்படியில் நின்றபடியே உள்ளே கட்டிலைப் பார்த்தான்... இந்த நாளில் அவன் மூதூருக்கு ஆள் ஏற்றும் லோஞ்சில் சுக்கான் பிடிக்கிறான், மகாவலி கொண்டுவந்து கொட்டும் மணல் கொட்டியாரக் குடாவில் எங்கே கிடக்கும் என்று யாருக்குத் தெரியும், கீழே கரகரவென்று உரசினால் எஞ்சினை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் மணல் பிடித்துக்கொள்ளும், யாரும் சொல்லாமலே எல்லாரும் எழும்பி ஒரே பக்கம் போவார்கள், கோழிக்கூடையோடு வந்த பெண்ணும் போவாள், லோஞ்சு சரிந்து அடி கொஞ்சம் கிளம்பும், புதிதாக வந்தவன் மட்டும் நின்ற இடத்தில் நின்று என்ன நடந்தது என்று கேட்பான், அப்படி எத்தனை பேரை ஏசியிருக்கிறான், இப்போது காலையிலிருந்து இந்த வாசற்படியில் நிற்பது யார்? இன்னொன்றும் நினைவு வந்தது, கப்டன் அந்தச் சொல்லை எப்போதும் ஆழத்துக்கு வந்த பிறகுதான் சொன்னார், மணல் உரசும்போது ஒருவரும் வாய் திறந்ததில்லை, அப்படியானால் இந்த டொக்டர் எதைக் கண்டு சொன்னார், அவசரப்பட்டுவிட்டாரா... செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான், சுபைதாவின் கட்டில் ஓரத்தில் இருந்தான், அவள் கை சுட்டது. "நீயும் இஞ்சால வந்து இரு," என்றான். ஏன் என்று றம்ஸியா கேட்கவில்லை, வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள், இரும்புக் கட்டில் அந்தப் பக்கம் லேசாகச் சரிந்து கிறீச்சிட்டது... மணல் பிடித்து இறுகுகிற சத்தமா, விடுபடுகிற சத்தமா, லோஞ்சிலும் அது உடனே தெரிவதில்லை.