இரும்பு விலைக்கும் கீழே

கூட்ஸ் ஷெட்டில் மாதிரிக்கென்று கேட்டு வாங்கி வந்த அந்நிய நாட்டு ஆணியைப் பட்டறைக் கல்லின் மேல் வைத்து, மிக்கேல்ராஜ் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். உடையவில்லை. இன்னொரு அடி. லேசாக வளைந்தது, அவ்வளவுதான். ஒரு விரிசலாவது விழும், அதைக் கொண்டுபோய் ரயில்வே அதிகாரியின் மேஜையில் வீசலாம் என்று காலையிலிருந்து கறுவிக்கொண்டிருந்தவனுக்கு நெஞ்சு எரிந்தது.

“நல்ல இரும்புதான் பாய்” என்றான். சொல்லும்போதே வாய் கசந்தது.

முதலாளி அப்துல் ஜப்பார் வளைந்த ஆணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தண்டவாளத்தைச் சிலீப்பர் கட்டையோடு பிணைக்கும் ஆணிகள் ஒன்பது வருடமாக இந்தப் பேகம்பூர்ப் பட்டறையிலிருந்துதான் ரயில்வேக்குப் போயின. மிக்கேல்ராஜ் அதன் தலைமைக் கொல்லன். அவனோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். அறுபத்து நாலாம் வருட டெண்டர் கடல் தாண்டிப் போய்விட்டது. ஏதோ ஒரு தேசத்தின் சர்க்காரே நடத்தும் தொழிற்சாலையாம். ஜப்பார் வாங்கும் வெறும் கம்பியின் விலைக்கும் கீழே, அவர்கள் ஆணியாகவே அடித்துக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

“அதெப்படி பாய் கட்டும்? அவனும் கரி வாங்கணும்ல? கூலி குடுக்கணும்ல?”

“அவுகளுக்கு நட்டம்னா அவுக சர்க்காரு தாங்கிக்கிரும். எனக்கு நட்டம்னா என் வீட்டுக்காரி கழுத்துல கெடக்குறது போகும். போயிருச்சு.”

மிக்கேல்ராஜ் சட்டையை மாட்டினான். ஜப்பார் தடுத்துப் பார்த்தார். முடியாமல் கூடவே நடந்தார்.

ரயில்வே அதிகாரி நல்ல மனிதர். இருவரையும் உட்காரச் சொன்னார்.

“உங்க சரக்குல ஒரு குறையும் இல்ல, பாய். ஆனா இதுல நாட்டோட பணம் மிச்சமாகுதே.”

“அப்ப நாங்க பதினெட்டுப் பேரும் எந்த நாடுங்கய்யா?” மிக்கேல்ராஜ் உட்காராமலே கேட்டான். “அஞ்சு வருசம் இப்பிடிக் குடுப்பான். இங்கன உள்ள பட்டறை அம்புட்டும் சாத்துனப்பெறகு வெலைய ஏத்துவான். அன்னைக்கு எங்களத் தேடி வருவீக. உலை இருக்காதுங்க. நாங்களும் இருக்க மாட்டோம்.”

அதிகாரி கோப்பை மூடினார். “மேலிடத்து முடிவுப்பா. லைன்ல ஆணி அடிக்க ஆள் எடுக்குறாங்க. நீ சம்மட்டி பிடிச்ச கை. சொல்லிவிடவா?”

அவர் உதவியாகத்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. மிக்கேல்ராஜ் எட்டி உதைத்ததில் நாற்காலி சுவரில் மோதி விழுந்தது. ஜப்பார் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

வெளியே கூட்ஸ் ஷெட்டில் வேகனிலிருந்து அந்த அந்நிய ஆணிகள் நிறைந்த மரப்பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. போன வெள்ளிக்கிழமை வரை பட்டறையில் மிக்கேல்ராஜுக்கு எதிரே நின்று சம்மட்டி போட்ட மூக்கையா, தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு, ஒரு பெட்டியின் முனையைத் தோளில் ஏந்தி நின்றான். அவனோடு தூக்க வந்தவன் கை வழுக்கி நகர்ந்திருந்தான்.

“ஏலே மூக்கையா! போடுலே அதக் கீழ!”

மூக்கையாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. திரும்பவும் முடியவில்லை.

“போட்டா காலு போயிரும்ணே. செத்த பிடிங்க.”

மிக்கேல்ராஜ் ஒரு கெட்ட வார்த்தையைக் கத்தினான். யாரைப் பார்த்து என்று அவனுக்கே தெரியவில்லை. கத்திக்கொண்டே ஓடிப்போய் மறுமுனையைத் தாங்கினான். கனம் மார்பில் இறங்கியது. பெட்டியின் பக்கவாட்டில், அவன் முகத்துக்கு நேரே, படிக்கத் தெரியாத எழுத்துகள் கறுப்பு மையில் வரிசையாக நின்றன. அவன் வியர்வை பட்டும் அவை கலையவில்லை.